மூடியே வரட்டும்

அத்தியாயம் 11

கணவன் ராஹில் கடைசியாகச் செய்துவிட்டுப் போன வேலையைத் தன் கையால் அழிக்க வேண்டிய நாள் இதுதான் என்று, காலையில் கண் விழித்தபோதே உமைராவுக்குத் தெரிந்திருந்தது.

அதனால்தான் மாமியாரின் முகத்தைப் பார்க்காமலேயே டீ போட்டாள். மர்யம் இரண்டு முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். மருமகள் "உம்" என்றதோடு சரி.

டீயை வடிகட்டும்போது, போர்டு செய்யும் வாஷி ஃபேக்டரியிலிருந்து சுஷ்மா கூப்பிட்டாள். ராஹில் இருந்தபோதே பழக்கமானவள். இன்னும் அண்ணி என்ற உரிமையோடு "பாபி" என்றுதான் உமைராவைக் கூப்பிடுகிறாள்.

இன்று சாயங்காலத்துக்குள் ஃபைல் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மெஷினில் வேறு ஆளுடைய வேலையை ஏற்றிவிடுவார்கள், அப்புறம் மழை முடிகிற வரைக்கும் உங்கள் முறை வராது என்று ஹிந்தியில் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு கணம் நின்று, "பாபி, டீக் ஹோ நா?" என்று கேட்டாள்.

நன்றாகத்தான் இருக்கிறேன் என்று உமைராவும் ஹிந்தியிலேயே பொய் சொன்னாள்.

இந்தக் குடும்பத்தோடு முதலிலிருந்தே கூட நடந்து வருகிறவர்களுக்குச் சிட்டுவைத் தெரியும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சைப் பலகை. அந்த ஒரே பலகைக்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டர். பழைய டிவி ஒன்றோடு இணைத்துவிட்டால் போதும், தாராவியின் எந்தச் சந்திலும் ஒரு வகுப்பறை தயார். ராஹில் அதற்குச் சிட்டு என்று பெயர் வைத்தான். தாராவியிலும் மாஹிமிலும் செம்பூரிலும் டியூஷன் சென்டர்களில் சிட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன.

அடுத்த தொகுதி அச்சாகப் போகிறது. பெட்டியைப் பிரித்து முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது, போர்டில் எதெல்லாம் விழித்திருக்க வேண்டும், எதெல்லாம் தூங்க வேண்டும் என்பதை அந்த ஃபைல்தான் சொல்லும்.

எல்லாமே விழித்திருக்க வேண்டும் என்பது ராஹிலின் கட்சி.

அவன் படித்த முனிசிபல் ஸ்கூலில் கம்ப்யூட்டர்களைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்திருப்பார்களாம். ஒருநாள் ஆசையில் ஒரு பட்டனை அமுக்கினான். ஒன்றும் எரியவில்லை. "கெடுத்துட்டியா?" என்று வாத்தியார் கன்னத்தில் அறைந்தார். அந்தக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்தே ஓடியதில்லை என்பது அவனுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. "ஒரு பிள்ளகூட நாமதான் கெடுத்துட்டோம்னு நெனைக்கக் கூடாது உமைரா. போட்டா எல்லாம் ஓடணும்" என்பான். உமைராவுக்கு அதில் கொஞ்சம் பயம் உண்டு. வாதாடியும் பார்த்திருக்கிறாள். அவன் அந்தக் கன்னத்து அறையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அவளால் மேற்கொண்டு பேச முடியாது.

போன மழைக்குச் செம்பூர் சென்டரில் போர்டு நின்றுபோயிற்று. இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய்ச் சரிசெய்து வந்தான். காலில் ஒரு சிறு கீறல் இருந்தது. எலிக் காய்ச்சல்.

காய்ச்சலோடு படுத்திருந்தபோதுதான் அதைச் சொன்னான். "இனிமே எவனும் தண்ணில நடக்க வேண்டாம். எல்லாப் போர்டுலயும் வெளியிலிருந்து உள்ள போற வழியத் தொறந்து வச்சிருவோம். வீட்ல இருந்தே சரி பண்ணலாம்." கை நடுங்கியது. அவன் சொல்லச் சொல்ல உமைராதான் டைப் அடித்தாள். எல்லாப் போர்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு. உடம்பு தேறியதும் தனித்தனியாக மாற்றிவிடலாம் என்றான்.

அவன் தேறவில்லை.

அந்த வழியாகத்தான் போன வாரம் யாரோ ஒருவன் உள்ளே வந்தான்.

*

ஜெபசெல்வியின் வீடு தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் மூன்றாவது சந்தில். கதவைத் திறந்த அவள் அம்மா ஞானப்பூ "வாங்க" என்று சொல்லவில்லை. ஒதுங்கி வழிவிட்டாள்.

ஜெபசெல்வி காலேஜில் இரண்டாம் வருடம். சாயங்காலம் டியூஷன் சென்டரில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள். அன்று பிள்ளைகள் போன பிறகு, அம்மா வந்து கூட்டிப்போகும் வரை, கதவைச் சாத்திவிட்டு டிவியில் ஒரு பாட்டைப் போட்டு ஆடியிருக்கிறாள். அவ்வளவுதான். டிவிக்கு மேலே இருந்த சிட்டுவின் கேமரா அதைப் பார்த்தது. பக்கத்து வீடுகளோடு பங்குபோட்ட வைஃபையில் இருந்த யாரோ ஒருவன் அதை எடுத்து, வாயில் சொல்லக் கூசுகிற ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினான். இரண்டே நாளில் தாராவி முழுக்கப் போன்களில் ஓடியது.

பரணுக்குப் போகும் ஏணியின் கீழே உட்கார்ந்து ஜெபசெல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.  இடுப்பைத் தாண்டிக் கிடக்கும் பின்னல் கழுத்தோடு நின்றிருந்தது.

"என்னம்மா இது?"

"ரோட்ல போனா பின்னலப் பாத்துதான் கண்டுபிடிக்காங்கக்கா. அந்த வீடியோவுல மொகம் சரியாத் தெரியல. பின்னல்தான் தெரியுது."

உமைரா தரையில் அவள் எதிரே உட்கார்ந்தாள். ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். என்ன செய்வதென்று தெரியாதபோது கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

"நான் எதையும் அமுக்கலக்கா" என்றாள் ஜெபசெல்வி. "சத்தியமா. டிவிய மட்டும்தான் போட்டேன்."

"தெரியும்மா."

"அப்பா நம்ப மாட்டேங்காரு. நீதான் எதையோ அமுக்கி எடுத்திருக்கங்காரு. நீயே எடுத்து எவனுக்கோ அனுப்பியிருக்கங்காரு."

"உங்கப்பாகிட்ட நான் பேசுதேன்."

"கேமராவுல ஒரு லைட்டுகூட எரியலயேக்கா."

"எரியாது. போர்டுல இருக்கிற லைட்டக் கேமராவோட நாங்க சேக்கல."

ஜெபசெல்வியின் கை நின்றது. "அப்ப அது எப்பவும் பாத்துக்கிட்டேதான் இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? உமைராவுக்கு அந்த நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அதன்மேல் அருவருப்பும் வந்தது.

"பெட்டியப் பிரிச்சு மாட்டினதுல இருந்தே அது தொறந்துதான் இருந்துச்சு. உள்ள வந்து பாக்குறதுக்கு வழியும் நாங்கதான் தொறந்து வச்சோம். நீ ஒண்ணும் செய்யல."

"ராஹில் அண்ணனா?"

"டைப் அடிச்சது நான்."

வெளியே யாரோ இரும்புக் கட்டிலைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். ஜெபசெல்வி மடித்த துணியை மறுபடி பிரித்தாள்.

"மொதல்ல எனக்கு கீபோர்டுல கை வைக்கவே பயமா இருக்கும்" என்றாள் பிறகு. "அண்ணன்தான் பக்கத்துல நின்னு, 'அமுக்கு புள்ள, ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லுவாங்க." கோபமே இல்லாமல் அதையே மறுபடி சொன்னாள். "ஒண்ணும் ஆகாதுன்னாங்க."

உமைரா எழுந்துகொண்டாள். அங்கே அழுதால் அந்தப் பெண்தான் அவளைத் தேற்ற வேண்டியிருக்கும்.

வாசலில் ஞானப்பூ தணிந்த குரலில் சொன்னாள். "இவ அப்பா ஸ்டேஷனுக்குப் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்காரு. நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன். எழுதிக் குடுக்கப் போனா அங்கயும் நாலு பேரு அந்த வீடியோவப் பாப்பான். எம் புள்ள தாங்குவாளா, சொல்லுங்க."



*

மாமனார் அப்துல் வாஹித் மாஹிமில் நாற்பது வருடமாக டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவர். கடையின் மாடியில்தான் ராஹிலின் ஒர்க்‌ஷாப். இப்போது அது அவன் தம்பி தாஹிரின் பொறுப்பில் இருக்கிறது. கம்பெனிக் காகிதங்களில் ராஹிலின் இடத்தில் உமைராவின் பெயர் ஏறியிருக்கிறது. வாஷிக்கு எந்த ஃபைல் போனாலும் அவள் சொன்னால்தான் போகும்.

மத்தியான லுஹர் தொழுதுவிட்டு மாமனார் மாடிக்கு வந்தார். மர்யம் சாப்பாட்டு கேரியரோடு பின்னால் வந்தாள். ராஹிலின் நாற்காலி காலியாகக் கிடந்தது. அவன் போனதிலிருந்து அதில் யாரும் உட்காருவதில்லை. அவரவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

தாஹிர் லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தான். அண்ணனைவிட ஆறு வயது இளையவன். பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவன்.

"மைனி, ஃபர்ஸ்ட், வாட்ச்டாக். போர்டு ஹேங் ஆனா தானா ரீஸ்டார்ட் பண்ணும். ஆன்?"

"ஆன்."

"புளூடூத். அத யாரும் யூஸ் பண்றதில்ல. சும்மா பேக்கார்ல சூடாவுது. பழைய மொபைல் சார்ஜர் போட்டா பவர் பத்தல. பந்த் கர் தேதே ஹைன்?"

"மூடிரு."

அப்துல் வாஹித் தலையாட்டினார். சூட்டைப் பற்றி அவருக்குத் தெரியும்.

"வைஃபை ஆன். சவுண்டு ஆன்." தாஹிர் நிறுத்தினான். அடுத்த வரி என்னவென்று அவனுக்கும் தெரியும். "கேமரா."

"மூடியே வரட்டும்" என்றாள் உமைரா. "மைக்கும். வெளியிலிருந்து உள்ள வர்ற வழியும்."

 மர்யம் கேரியரின் மூடியைத் திறந்தவள் மறுபடி மூடினாள்.

"ராஹில் எப்படி வச்சானோ அப்படியே இருக்கட்டும்" என்றார் அப்துல் வாஹித்.

"மாமா, காலைல அந்தப் பிள்ளையப் பாத்துட்டு வாரேன். முடிய வெட்டிக்கிட்டு உக்காந்திருக்கா."

"கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அது எவனோ ஒரு பொறுக்கி செஞ்சது. என் மவனா செஞ்சான்?"

"செஞ்சது அந்தப் பொறுக்கிதான் மாமா. கதவத் தொறந்து போட்டது நாம."

"நாமன்னா யாரு?" அவர் குரல் உயர்ந்தது. "மாத்தினா தப்பு எங்களுதுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. நாளைக்கு ஒருத்தன் வந்து கேப்பான், மொதல்லயே ஏன் இப்படிச் செய்யலன்னு. எல்லாம் மையத்தாப் போன என் மவன் தலையிலதான் வந்து விடியும். அவன் எந்திரிச்சு வந்து பதில் சொல்லுவானா?"

தாஹிர் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "மைனி, கேமராவ மூடுங்க. ஓகே. ரிமோட் வழிய மூடாதீங்க. பிளீஸ்."

"ஏன்?"

"மழ வரப் போவுது." அவன் லேப்டாப்பைப் பாதி மூடினான். "அத மூடினா, எது ஒண்ணு நின்னாலும் நான் போவணும். தண்ணில எறங்கணும். அண்ணன் எதுக்காக அதத் தொறந்து வச்சாரு? நான் எறங்கக் கூடாதுன்னுதானே?"

மர்யம் சட்டென்று இளைய மகனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்தவள் அவள்.

 தாஹிர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"ஒரேயடியா மூட வேண்டாம் தாஹிர். சென்டர்ல இருக்கிற டீச்சர் அவங்க கையால ஒரு பட்டன அமுக்கினா மட்டும் தொறக்கட்டும். நாம வேலைய முடிச்சதும் தானா மூடிக்கிடட்டும். ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு."

"போர்டே ஹேங் ஆயிருந்தா? நெட்டே இல்லேன்னா?"

"அப்ப நேர்லதான் போகணும்."

"தண்ணில."

"தண்ணி வடிஞ்ச பிறகு. ஒரு நாள் ரெண்டு நாள் கிளாஸ் நடக்காட்டி ஒண்ணும் குடி முழுகிப் போயிராது. அன்னைக்கும்..." அவள் அதை முடிக்க முடியாமல் நின்றாள். "அன்னைக்கும் முழுகியிருக்காது. நான் போகாதீங்கன்னுதான் சொன்னேன்."

தாஹிர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

மர்யம்தான் பேசினாள். அழுதுகொண்டே, சமாதானம் செய்கிற குரலில். "மாமனும் மருமவளும் எதுக்கு மல்லுக்கட்டுதிய? அந்தப் பிள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா ராஹிலே மாத்தியிருப்பான். அவன் மனசு எனக்குத் தெரியும். உமைரா சொல்லுதத அவனே சொன்னதா நெனைச்சுக்கிடுவோம்."

மாமியார் நீட்டிய அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம். மாமனார்கூட அதற்குத் தலையாட்டியிருப்பார்.

"இல்ல மாமி" என்றாள் உமைரா.

"என்னம்மா?"

"கேமராவ அவங்க மூடியிருக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும். பாஸ்வேர்ட மாத்துவோம், வேற ஏதாவது செய்வோம், ஆனா பிள்ளைங்க முன்னால மூடி வைக்காதன்னு சண்ட போட்டிருப்பாங்க. அந்த ஸ்கூல் கதையத் தொடங்கியிருப்பாங்க. நான் தோத்துப் போயிருப்பேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "எப்பவும் நான்தான் தோப்பேன். இன்னைக்கு நான் ஜெயிக்கிறேன்னா, எதுத்துப் பேச அவங்க இல்ல. அவ்வளவுதான் மாமி. அவங்க சொன்னதா நெனைச்சுக்கிட வேண்டாம். அவங்க சொல்லல. நான் சொல்லுதேன்."

அப்துல் வாஹித் எழுந்தார். அவர் முகம் சாம்பலாக இருந்தது.

"அவன மண்ணுக்குள்ள வைக்கும்போது நானும் ஒரு பிடி அள்ளிப் போட்டேன்" என்றார். "அன்னைக்குக்கூட இவ்வளவு வலிக்கல. நீ அவன ரெண்டாவது தடவ அடக்கம் பண்ணுத."

படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. சாப்பிடாமலேயே போனார். மர்யம் கேரியரைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள்.

உமைரா தன் ஸ்டூலை ஓரமாகத் தள்ளினாள். பிறகு போய் ராஹிலின் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதன் ஒரு கால் குட்டை என்பதையே அவள் மறந்திருந்தாள். இத்தனை வருடமும் அவன் அதை முட்டுக்கொடுத்தே உட்கார்ந்திருக்கிறான்.

"கொண்டா தாஹிர்."

அவன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

அன்று கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே அடித்த வரி அப்படியே இருந்தது. எழுத்து ஒன்றை விட்டுவிட்டு அடித்ததும், "அங்க ஒண்ணு விட்டுப் போச்சு பாரு" என்று கண்ணைத் திறக்காமலேயே அவன் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அவள் டைப் அடிக்கும் சத்தத்தை வைத்தே அவனுக்குத் தெரியும்.

அந்த வரியை அழித்தாள். ஒரேயடியாக அழிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, பின்னாலிருந்து.

கேமரா வரிக்கு வந்தபோது தாஹிர் மெதுவாகக் கேட்டான். "மைனி, போட்டதும் கேமரா ஓடலேன்னா, பிள்ளைங்க தாங்கதான் கெடுத்துட்டோம்னு நெனைக்குமே. அண்ணன் அதுக்குத்தானே பயந்தாரு. ஃபர்ஸ்ட் ஸ்கிரீன்ல ஏதாவது எழுதிப் போடலாமா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இந்த வீட்டில் இன்று முதல்முறையாக ஒருவர் அவள் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார்.

"எழுதலாம்."

"ஹிந்தி, மராட்டி நான் பாத்துக்கறேன். தமிழ் நீங்க எழுதுங்க. எனக்கு எழுத வராது."

அவள் எழுதினாள். தாஹிர் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தான்.

"கே-ம-ரா மூ-டி-யி-ருக்-கி-றது. நீ எ-தை-யும் கெ-டுக்-க-வில்-லை. தி-றக்-க வேண்-டு-மா-னால் இங்-கே அ-முக்-கு. தி-றந்-தால் சி-வப்பு வி-ளக்கு எ-ரி-யும்."

படித்து முடித்தவன், இரண்டாவது வரிக்குத் திரும்பிப் போய் அதை மட்டும் இன்னொரு முறை படித்தான். இந்த முறை தடுக்காமல்.

சொன்ன நேரத்துக்கு முன்பே ஃபைல் வாஷிக்குப் போயிற்று. "ஆ கயா, பாபி" என்று சுஷ்மாவிடமிருந்து பதில் வந்தது. இனிமேல் பிறக்கும் சிட்டுகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டுதான் பிறக்கும்.

ஏற்கெனவே சென்டர்களில் உட்கார்ந்திருப்பவற்றை நாளையிலிருந்து ஒவ்வொன்றாக மூட வேண்டும். ஆனால் அந்தக் கழுத்தளவு முடியை எந்த ஃபைலாலும் வளர்க்க முடியாது. உமைராவுக்கு அது தெரிந்தே இருந்தது.

*

சாயங்கால மஃரிப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. உமைரா படியிறங்கி வந்தபோது கடை வாசலில் ஒரு ஆள் நின்றிருந்தார். ஸ்கூல் வேன் டிரைவரின் காக்கிச் சட்டை. கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம்.

பார்த்ததுமே தெரிந்தது. ஜெபசெல்வியின் சாடை அப்படியே. அவள் அப்பா செல்லத்துரை.

பொட்டலத்தை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். சென்டரில் இருந்த சிட்டு. கேமராவின்மேல் ஒரு கறுப்பு டேப் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தது.

"இத செஞ்சது யாரு?" என்று கேட்டார்.

அப்துல் வாஹித் ஏதோ ஒரு டிவியின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  கையிலிருந்த ஸ்குரூ டிரைவரால் அடுத்த திருகைக் கழற்றினார்.

"பாய், நான் சண்டைக்கு வரல. நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்குப் போறேன். பெஞ்சாதி வேண்டாங்கா. எம் புள்ளையத் தப்பாப் பேசிட்டேன், இனிமே சும்மா இருந்தா நான் அப்பன் இல்ல. எவன் எடுத்தான்னு தெரியாது. இத செஞ்சவங்க பேராவது சொல்லணும்ல. பின்னால ராஹில்னு அடிச்சிருக்கு. அவரு இறந்துட்டாருன்னு சொல்லுதாங்க. இறந்தவர வச்சு என்ன கேக்க முடியும்? உசுரோட இருக்கிற பேரு ஒண்ணு வேணும்."

அப்துல் வாஹித் வாயைத் திறந்தார். "என் மவன் பேர..." என்று ஆரம்பித்தார்.

உமைரா கடைசிப் படியிலிருந்து இறங்கி முன்னால் வந்தாள்.

"உமைரான்னு எழுதுங்க. அந்த வழியத் தொறந்து டைப் அடிச்சது நான்தான்."

செல்லத்துரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். காலையில் இவள் வீட்டுக்கு வந்துபோனதை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் போலும்.

"நீங்க அவரு..."

"பெஞ்சாதி."

"ஸ்டேஷனுக்கு வருவியளா?"

"வாரேன். உங்க பிள்ள எதையும் அமுக்கலன்னு அங்க வந்து நானே சொல்லுதேன்."

 செல்லத்துரை சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். டைப் அடிக்கத் தெரியாத பெருவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். "உமைரா... ராஹில்னு சேத்துப் போடவா? முழுப் பேரு கேப்பான்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படித்தான் கையெழுத்துப் போட்டு வருகிறாள். பாங்கில், ரேஷன் கார்டில், ராஹிலின் ஆஸ்பத்திரிக் காகிதத்தில்.

"வேண்டாம்ணே" என்றாள். "வெறும் உமைரா போதும்."

செல்லத்துரை போர்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

மத்தியானத்துக்குப் பிறகு முதல்முறையாக அப்துல் வாஹித் மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"டைப் அடிச்சது நீயா?"

"அவங்களுக்குக் கை நடுங்கிச்சு மாமா."

 அவர் ஸ்குரூ டிரைவரை மேஜைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளாமலேயே போனைக் கண்ணருகே கொண்டுபோய் ஒரு எண்ணைத் தேடி அமுக்கினார்.

மேலப்பாளையத்தில், உமைராவின் பிறந்த வீட்டில் போன் அடித்தது. எடுத்தது உமைராவின் வாப்பா என்பது, இவர் பேசிய முதல் வார்த்தையிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"சம்மந்தியா? நான் வாஹித் பேசுதேன். கெடைக்கிற வண்டியில ஏறி உடனே பொறப்பட்டு வாங்க... ஆமா, உங்க மவ விஷயம்தான்."

மகளைக் கூட்டிக்கொண்டு போவதற்கா, மகளோடு வந்து நிற்பதற்கா? அதை மட்டும் அவர் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, உமைரா நிற்கும் பக்கம் திரும்பாமல், கடையின் ஷட்டரை இழுக்கப் போனார்.